பகுதிநேரப் படையும் அதன் பயிற்சியும்: கண்டி நகர் காட்டும் வரலாறு

படையினை மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என ஆறு வகையாகப் பகுத்தல் தமிழ் நூலோர் மரபு. திருக்குறளின் படைமாட்சி அதிகாரத்துக்கு உரை கண்ட பரிமேலழகர் இவ்வாறினையும் எடுத்துக் கூறி, அவற்றுள் வழிவழி வந்த மூலப்படையே தலையாயதெனக் கொள்வர். இப்பகுப்பினுள், ஆறு நாள் தன் தொழிலைச் செய்து ஏழாம் நாள் துவக்கைத் தோளிலேந்தும் மனிதனை எவ்வகையிற் சேர்ப்பது? நாட்டுப்படை என்பதே அவனுக்கு ஓரளவு பொருந்தும். ஆயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உருப்பெற்று அதன் ஆட்சிக்குட்பட்ட நாடுகளிலெல்லாம் பரவிய தொண்டர் படை பழைய நாட்டுப்படையினின்றும் வேறானது. அதற்குச் சம்பளப் பட்டாளத்தின் சீருடையும் சட்டதிட்டமும் உண்டு; சம்பளப் பட்டாளத்துக்குரிய காலம் மட்டும் இல்லை. ஆதலின் இத்தகைய படையினை நடத்துவோர்க்கு முதன்மையான இடர்ப்பாடு ஆயுதமன்று, பணமுமன்று; பயிற்சிக்கு வேண்டிய நாட்களே. அந்நாட்களைத் தரவல்லார் எவர், அவற்றுள் அவர்க்குக் கற்பிக்கப்படுவது யாது என்னும் இரு வினாக்களுக்கும் கண்டி நகரின் வரலாறு தெளிவான விடை தருகின்றது.

ஐரோப்பியத் தொண்டர் படை கண்டிக்கு வருமுன்னரே அந்நகரைக் காத்து நின்றது ஒருவகைப் பகுதிநேரப் படைதான். கண்டி மன்னரின் படையிற் பெரும்பாலோர் குடியானவர். அரசனிடம் நிலம் பெற்று, அதற்கீடாக இராசகாரியம் என்னும் ஊழியம் செய்யக் கடமைப்பட்டவர்கள். 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ரொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் தாம் எழுதிய நூலில் இவர்களைப் பற்றி விரிவாகக் கூறுகின்றார். முறைவைத்துக் காவலுக்கு வருவர். தம் உணவைத் தாமே சுமந்து வருவர். கொண்டுவந்த அரிசி தீர்ந்ததும் ஒரு பகுதியார் வீடு திரும்பி மீண்டும் உணவு கொண்டு வருதல் வேண்டும். இன்றைய படை நூலார் இதனைக் குறைபாடெனக் கருதலாம். ஆனால் அக்குடியானவனுக்குத் தன் காட்டின் ஒற்றையடிப் பாதைகளும் ஆறு பெருகும் காலமும் தெரியும். அவனுக்குரிய பயிற்சி அவன் வாழ்விலேயே அடங்கியிருந்தது. அதற்கென வேறு நாள் ஒதுக்க வேண்டியதில்லை.

1803 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அப்பயிற்சியின் பயனை ஆங்கிலேயர் கண்டனர். கண்டியைப் பிடித்து, முத்துசாமி என்னும் நாயக்க இளவரசனை அரியணையில் இருத்தி, மேஜர் டேவியின் தலைமையில் ஒரு காவற்படையையும் நிறுத்திச் சென்றிருந்தனர். காய்ச்சல் அக்காவற்படையை அரித்துவிட்டிருந்தது. 24 ஆந் திகதி கண்டியர் தாக்கியபோது டேவி சரணடைந்தார். திருகோணமலைக்குப் போகும் எண்ணத்துடன் அவரது படை மஹய்யாவக்கு அணித்தேயுள்ள வட்டபுலுவை வரை சென்றது. மகாவலி கங்கை பெருக்கெடுத்திருந்தமையால் கடக்க இயலவில்லை. முத்துசாமி கையளிக்கப்பட்டுக் கொல்லப்பட்டான். வெள்ளைப் படையினரும் அவ்விடத்திலேயே மாண்டனர். இவ்வழிவுக்குக் காய்ச்சலும் வெள்ளமும் எவ்வளவு காரணமோ, நிலமறிந்த குடிப்படையும் அவ்வளவு காரணமாகும். இராசகாரிய ஊழியம் 1832 இல் ஒழிக்கப்பட்டது. குடிகளுக்கு அது பெரும் விடுதலை. அதனோடு பழைய குடிப்படையின் அடித்தளமும் அற்றுப்போயிற்று.

ஆங்கிலேயர் ஆட்சியில் உள்ளூர் ஆட்களைக் கொண்டு நிலையாக இருந்த பட்டாளம் இலங்கைத் துவக்குப் படை. மலாயரைப் பெரும்பாலும் கொண்டிருந்த அது 1873 இல் கலைக்கப்பட்டது. செலவு மிகுதி என்பதே பேசப்பட்ட காரணம். சில ஆண்டுகளின் பின்னர், செலவு குறைந்த வழியொன்று தெரிவு செய்யப்பட்டது. 1881 ஆம் ஆண்டு ஏப்ரில் 1 ஆந் திகதி இலங்கை இலகு காலாட் தொண்டர் படை பிரகடனத்தால் நிறுவப்பட்டது. அதன் முதற் கட்டளை அதிகாரி ஜோன் ஸ்கொட் ஆர்மிற்றேஜ் ஒரு வணிகர். பறங்கியர், சிங்களவர், தமிழர், மலாயர் ஆகியோர் அப்படையிற் சேர்ந்தனர். பின்னர் 1888 இல் பீரங்கித் தொண்டர் படையும், 1892 இல் குதிரைப் படையும் தோன்றின. இவ்வரிசையில் 1900 இல் எழுந்ததே கண்டியைத் தலைமையிடமாகக் கொண்ட தோட்டத்துரைமார் துவக்குப் படை. ஐரோப்பியர் மட்டுமே அதிற் சேரலாம். தேயிலை, இறப்பர்த் தோட்டங்களின் துரைமாரும் சின்னத்துரைமாருமே அதன் வீரர்கள். 1910 இல் இப்படைகளெல்லாம் இலங்கைப் பாதுகாப்புப் படை என்னும் ஒரே அமைப்பின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. இரண்டாண்டுகளுக்கு முன், 1908 இல், இங்கிலாந்திலும் போர் அமைச்சர் ஹோல்டேன் பழைய தொண்டர் படைகளை ஒன்றுசேர்த்துப் பிரதேசப் படை எனப் பெயரிட்டு, ஆண்டுக்கு ஏறத்தாழப் பதினைந்து நாட் பாசறை வாழ்க்கையை அதற்கு விதித்திருந்தார். எஞ்சிய நாட்களில் மாலைவேளை அணிநடையும், வாரவிறுதி இலக்குச் சுடுதலும் என்பதே அக்காலப் பகுதிநேரப் படைகளின் பொது நியதி.

தோட்டத்துரைமாரின் நிலை இந்நியதிக்கு ஒருவகையில் மிக வாய்ப்பானது, வேறொருவகையில் இடர்ப்பாடானது. மலைநாட்டின் பள்ளத்தாக்குகள்தோறும் அவர்கள் சிதறிக் கிடந்தனர். ஒரு தோட்டத்தில் ஒருவர் அல்லது இருவர்; அடுத்த துரையின் பங்களாவுக்குச் செல்ல மலையொன்றைச் சுற்றவேண்டும். ஒரு கொம்பனி முழுவதையும் ஒரே இடத்திற் கூட்டுவதே பெரும் வேலை. கொழுந்து மிகுந்த மாதங்களில் தோட்டத்தை விட்டு நீங்கல் அரிது. எனினும், தம் நாளினைத் தாமே வகுத்துக் கொள்ளும் அதிகாரம் அவர்க்கு இருந்தது. கொழும்பிலே கந்தோர் எழுதுவினைஞன் அணிநடைக்குச் செல்ல மேலாளரின் அனுமதியை வேண்டிநிற்க, மலைநாட்டுத் துரையோ தானே மேலாளன். குதிரையேற்றமும் வேட்டையும் பலர்க்குப் பழக்கமானவை. ஆகவே சுடும் திறனைப் புதிதாகக் கற்பிக்கவேண்டிய தேவை குறைவு. ஒருங்கே இயங்கும் திறனையே கற்பிக்க வேண்டியிருந்தது.

இங்கே சொல்லாராய்ச்சியொன்று பொருந்தும். தோட்டத் தொழிலாளர் விடியற்காலையில் வந்து வரிசையாக நிற்கும் இடத்துக்குப் பெரட்டுக்களம் என்று பெயர். அணிநடையைக் குறிக்கும் ‘பரேட்’ என்னும் ஆங்கிலச் சொல்லே மலைநாட்டுத் தமிழில் பெரட்டு ஆயிற்று. ஆக, தோட்டத்துரை இருவகைப் பெரட்டுக்களை அறிந்தவன். ஒன்றில் அவன் வரிசையில் நிற்பவன்; மற்றையதில் அவன்முன் கங்காணியும் தொழிலாளரும் வரிசையில் நிற்பர். முன்னது வாரத்தில் ஒரு நாள் இருந்திருக்கலாம். பின்னது நாடோறும் நிகழ்வது. பகுதிநேரப் படைவீரனின் குணத்தை வடிப்பது வாரத்தின் எஞ்சிய நாட்களே என்பதை ஒப்புக்கொள்வோமாயின், இத்துரைமாரின் பயிற்சியிற் பெரும்பகுதி பெரட்டுக்களத்திலேயே நடந்தது எனல் மிகையாகாது. கட்டளையிட்டுப் பழகிய கண்ணோடுதான் அவர்கள் சீருடையை அணிந்தனர்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தோரின் வழியினர், லயங்களில் வாழ்ந்தவராயினும் மஹய்யாவயிற் குடியிருந்த நகரசபைத் துப்புரவுத் தொழிலாளராயினும், இப்படையின் வாயிலை அணுகவும் இயலாது. தொகையில் ஒரு சிறுபான்மைக்குரிய படை அது. கண்டியிற் கல்வி கற்ற இலங்கை இளைஞர்க்கும் அவ்வாறே. திரித்துவக் கல்லூரி மாணவராயிருந்த ரிச்சட் அலுவிகாரை முதலாம் உலகப் போரில் பிரித்தானியப் படையிற் சேர்ந்து சோம் போர்க்களத்திற் காயமுற்றார். பின்னாளில் இலங்கையரான முதற் பொலிஸ் மா அதிபராக 1947 இற் பதவியேற்றவரும் அவரே. ஐரோப்பாவிற் சென்று போராடத் தகுதியுடையவராகக் கொள்ளப்பட்ட ஒருவர், தம் ஊர்த் தலைமையிடத்துத் துவக்குப் படையில் இடம்பெறத் தகுதியற்றவராயிருந்தார்.

1914 ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதம் மேஜர் ஹோல் பிரௌண் என்பவரின் தலைமையில் 8 அதிகாரிகளும் 229 வீரரும் கொண்ட தோட்டத்துரைமார் குழுவொன்று எகிப்துக்குக் கப்பலேறிற்று. அங்கே சுயஸ் கால்வாய்க் காவலில் சிலகாலம் இருந்தபின், அவுஸ்திரேலிய–நியூசீலாந்துப் படையோடு இணைக்கப்பட்டது. 1915 ஆம் ஆண்டு ஏப்ரில் 25 ஆந் திகதி கலிப்பொலித் தரையிறக்கத்தின்போது அக்குழுவினர் அப்படைத் தலைமையகத்தின் காவலராயிருந்தனர். தளபதி பேர்ட்வுட் இவர்களை மதித்தார் என்பது வரலாறு. அவர்களிற் பலர் விரைவிலேயே அதிகாரிப் பதவி பெற்று வேறு பட்டாளங்களுக்குப் போயினர். பகுதிநேரப் படைகளின் பயிற்சியில் அடிக்கடி காணப்படும் ஓர் இக்கட்டு இங்கே தோன்றுகின்றது. நன்கு பயின்றவன் எவனோ அவனே முதலிற் பிரிந்து செல்கின்றான். படை தான் வளர்த்தோரைத் தானே இழக்கின்றது; எஞ்சியோரைக் கொண்டு உள்ளூர்க் கடமையை நடத்தவேண்டியதாகின்றது.

அக்கடமை ஐந்து வாரங்களில் வந்தது. கம்பளையில் வலஹாகொட தேவாலயத்துப் பெரகராவைக் கரையோரச் சோனகரின் பள்ளிவாசலருகே மேளத்தோடு கொண்டுசெல்லும் உரிமை பற்றிய வழக்கில், 1914 ஆம் ஆண்டு கண்டி மாவட்ட நீதிபதி போல் பீரிஸ் தேவாலயத்தார்க்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 1915 பெப்ருவரியில் மீயுயர் நீதிமன்றம் அதனை மாற்றிற்று. மே மாத இறுதியில் வெசாக் இரவிலே கண்டி நகரத் தெருவொன்றில் பள்ளிவாசலருகே மூண்ட கலகம் சில நாட்களில் தென்மேற்கு மாகாணங்களெங்கும் பரவியது. தேசாதிபதி சேர் ரொபேட் சார்மர்ஸ் யூன் 2 ஆந் திகதி இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தார். நிலையான பட்டாளத்திற் பெரும்பகுதி போருக்குச் சென்றிருந்தமையால் பஞ்சாபியப் படையினரோடு தோட்டத்துரைமாரும், நகர்க் காவற்படையினரும், பிற தொண்டரும் களத்தில் இறக்கப்பட்டனர்.

அரசாங்கக் கணக்கின்படி கலகக்காரராற் கொல்லப்பட்ட சோனகர் 25 பேர். படையினராலும் பொலிசாராலும் கொல்லப்பட்டோர் 63 பேர். இவ்விரு தொகைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். சோனகரின் உயிருக்கும் உடைமைக்கும் நேர்ந்த அழிவு பெரிது, கடைகள் ஆயிரக்கணக்கிற் சூறையாடப்பட்டன, பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன. அதனைச் சிறிதாக்கிக் காட்டுதல் வரலாற்றுக்கு அடாது. ஆனால் கலகம் அடங்கிய பின்னரும் துவக்குகள் ஓயவில்லை என்பதே அன்றெழுந்த குற்றச்சாட்டு. ஊர்களுட் சென்ற சிறு குழுக்கள் விசாரணையின்றிச் சிலரைச் சுட்டமை பற்றிப் பின்னர் அரசாங்கமே விசாரணை நடத்த நேர்ந்தது.

இதனைத் தனிமனிதரின் கொடுமை என்று மட்டும் கூறி முடித்தால் பயிற்சியின் பங்கு மறைந்துபோகும். அணிநடையும் இலக்குச் சுடுதலும் கற்ற தொண்டனுக்கு, எதிரே நிற்பவன் பகைவனல்லன், தன் நாட்டுக் குடிமகன் என்னும் நிலையில் என்ன செய்யவேண்டும் என்பது வேறு பாடம். நீதிபதியின் ஆணை, முன்னெச்சரிக்கை, வேண்டிய அளவுக்கு மேற்படாத வலிமை, சுட்ட ஒவ்வொரு குண்டுக்கும் கணக்கு ஆகியவை அப்பாடத்தின் பகுதிகள். சம்பளப் பட்டாளத்தானும் இதனை எளிதிற் கற்பதில்லை. ஆண்டில் சில வாரங்களே கிடைக்கும் படையில், அச்சில வாரங்களும் இலக்குப் பலகைக்கே செலவாகும். ஏனெனில் இலக்குப் பலகையிற் பெறும் புள்ளிகளை எண்ணலாம், பொறுமையை எண்ண முடியாது. கலிப்பொலியிற் புகழ்பெற்றதும் மலைநாட்டிற் பழிபெற்றதும் ஒரே காலத்தில் ஒரே வகுப்பைச் சார்ந்த ஆடவரே. அங்கே அவர்கள் ஒரு பெரும்படையின் கட்டுப்பாட்டினுள் நின்றனர். இங்கே தாமே கட்டுப்பாடாயினர்.

கொழும்பு நகர்க் காவற்படையின் கப்டன் ஹென்றி பேதிரிஸ் நிகழ்ச்சி மறுபுறத்தைக் காட்டும். செல்வக் குடும்பத்துச் சிங்கள இளைஞரான அவர் தாமும் ஒரு பகுதிநேர அதிகாரியே. இராணுவ நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாகக் கண்டு, 1915 யூலை 7 ஆந் திகதி சுட்டுக் கொல்வித்தது. ஒரே சீருடை அணிந்தோருள் ஒருவருக்குக் கிடைத்த நீதியும் மற்றவர்க்குக் கிடைத்த பாதுகாப்பும் ஒன்றாயிருக்கவில்லை. இராணுவச் சட்டக் காலத்துச் செயல்களுக்குச் சட்டக் காப்பளிக்கும் ஏற்பாட்டை எதிர்த்துச் சட்டநிரூபண சபையில் முழங்கியவர் பொன்னம்பலம் இராமநாதன். அவரது உரைகள் 1916 இல் இலண்டனில் நூலாக வெளிவந்தன. அவ்வுரைகளிற் சோனகரின் துன்பம் பெற்ற இடம் குறைவு என்பது நியாயமான குறையே. ஆயினும், படைக்கலந் தாங்கிய தொண்டனும் சட்டத்துக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவன் என்பதை அச்சபையில் அத்துணை அஞ்சாது வற்புறுத்தியமை தமிழர் நினைவில் நிலைத்தற்குரியது.

இரண்டாம் உலகப் போர் மூண்டபோது இலங்கைப் பாதுகாப்புப் படை முழுவதும் அணிதிரட்டப்பட்டது. பகுதிநேரத்தார் முழுநேரத்தாராயினர். அம்மாற்றம் எளிதானதன்று. 1942 மே 8 ஆந் திகதி இரவு கொக்கோஸ் தீவுகளிற் காவலிருந்த இலங்கைப் பீரங்கிப் படையினருட் சிலர் கலகஞ் செய்தனர். தலைமை வகித்த கிரேஷன் பெர்னாண்டோ ஓகஸ்ற் 5 ஆந் திகதி வெலிக்கடையிலே தூக்கிலிடப்பட்டார். வேறிருவர் அடுத்த நாட்களில் அவ்வாறே மாண்டனர். அதிகாரிக்கும் வீரனுக்கும் இடையே நிறத்தாற் பிளவுபட்ட ஒரு சிறு படைப்பிரிவு தொலைதூரத் தீவொன்றில் தனித்து விடப்பட்டால் என்னாகும் என்பதற்கு அது சான்று.

கண்டியிலோ காட்சி வேறு. 1944 ஏப்ரில் மாதம் மவுண்ட்பேற்றன் பிரபுவின் தென்கிழக்காசியத் தலைமையகம் பேராதனைத் தாவரப் பூங்காவுக்கு வந்து சேர்ந்தது. அத்தலைமையகத்தின் பாதுகாப்புப் பணியில் இலகு காலாட் படையினர் அமர்ந்தனர். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் அன்ரன் முத்துக்குமாரு. ஒக்ஸ்போட்டிற் கற்று வழக்கறிஞராகிய இத்தமிழர், 1930 களில் தொண்டர் படை அதிகாரியாகச் சேர்ந்தவர். மாலைவேளை அணிநடையில் தொடங்கிய அவரது படைவாழ்வு, 1955 பெப்ருவரியில் இலங்கை இராணுவத்தின் முதலாவது இலங்கைத் தளபதி என்னும் பதவியை அடைந்தது. பின்னாளில் இலங்கையின் படை வரலாற்றை அவர் ஒரு நூலாகவும் எழுதினார். பகுதிநேரப் படை நல்ல பயிற்சிக்களமாக அமையக்கூடும் என்பதற்கு இவரினும் சிறந்த சான்று காட்டுதல் அரிது. போரில் மாண்ட பிரித்தானியர், ஆபிரிக்கர், இந்தியர், இலங்கையர் எனப் பல்நாட்டார் இருநூற்றுவர் வரை கண்டிப் பிட்டகந்தை மயானத்திற் கிடக்கின்றனர்.

விடுதலைக்குப் பின் இரு அயல்நாடுகளும் ஏறத்தாழ ஒரே வேளையில் இப்பொருளைக் கையிலெடுத்தன. இந்தியாவின் பிரதேச இராணுவத்தைத் தலைமைத் தேசாதிபதி இராஜகோபாலாச்சாரியார் 1949 ஒற்றோபர் 9 ஆந் திகதி தொடக்கிவைத்தார். அடுத்த நாளே, 10 ஆந் திகதி, 1949 இன் 17 ஆம் இலக்கச் சட்டத்தின்படி இலங்கை இராணுவம் தோன்றிற்று. நிலையான படையும் தொண்டர் படையும் அதன் இரு கிளைகள். இந்தியர் பயிற்சி நாட்களின் சிக்கலை நுணுகி ஆராய்ந்து, தம் படையை நகரப் பிரிவு, மாகாணப் பிரிவு என இரண்டாக்கினர். நகரத்துத் தொழிலாளியும் கந்தோர் ஊழியனும் விடுமுறை நாட்களில் சிறிது சிறிதாகப் பயில, கிராமத்து உழவன் வேலை ஓய்ந்த காலத்தில் தொடர்ந்து ஒரே மூச்சாகப் பயில்வான். படைக்கேற்ப மனிதனின் காலத்தை வெட்டாது மனிதனின் தொழிலுக்கேற்பப் படையின் காலத்தை வகுத்த இம்முறை மிகுந்த விவேகமுடையது. இலங்கையில் மலைநாட்டுத் தொழிலாளியின் காலத்தை எவரும் இவ்வாறு எண்ணிப் பார்க்கவில்லை. 1948 இன் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது. தோட்டத்துரைமார் துவக்குப் படை 1949 இற் கலைக்கப்பட்டபோது அவ்விடத்தை நிரப்பக் குடிமக்கள் படை வந்தது. தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் நின்றோர் அக்குடிமக்களுள் எண்ணப்படவில்லை.

1955 ஆம் ஆண்டளவில் புகையிரதம், தபால்தந்தி, துறைமுகம், மின்சாரம் முதலிய சேவைகளில் உள்ளோரைக் கொண்டு தொண்டர் பிரிவுகள் சில அமைக்கப்பட்டன. வேலைநிறுத்தம் வரின் அதே தொழிலாளரைச் சீருடையில் அழைத்து வேலை வாங்குதல் நோக்கம். பகுதிநேரப் படையின் இயல்பையே தலைகீழாக்கும் ஏற்பாடு அது. 1956 இல் ஆட்சி மாறியதும் பண்டாரநாயக்க அரசு அவற்றைக் கலைத்துவிட்டது; அதற்காக வருந்தியோர் பலர் இரார்.

தொண்டர் படைக்கு நேர்ந்த பெரிய அடி 1962 சனவரி 27 ஆந் திகதிய ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி. சட்டத்தரணியும் துடுப்பாட்ட வீரருமாகிய கேணல் எப். சி. டி சேரம் உள்ளிட்ட தொண்டர் படை அதிகாரிகள் சிலர் அதிற் சம்பந்தப்பட்டிருந்தனர். நல்ல குடும்பம், நல்ல கல்லூரி, ஒரே மன்றம், ஒரே விருந்துமேசை என்னும் தொடர்புகளாற் பிணைந்திருந்த அதிகாரி வகுப்பு அது. ஆண்டுதோறும் பாசறையில் ஒன்றுகூடி வளர்த்த தோழமை, தேர்ந்தெடுத்த அரசின்பால் இருந்திருக்க வேண்டிய கடப்பாட்டை விட வலிமை பெற்றது. முயற்சி முளையிலேயே வெளிப்பட்டு முறிந்தது. பீரங்கி, பொறியியல், சைகைத் துறைகளின் தொண்டர் பிரிவுகள் பின்னர் கலைக்கப்பட்டன. காலாட் தொண்டர் பிரிவுகள் எஞ்சின. 1980 களில் உள்நாட்டுப் போர் விரிந்தபோது அவை நிரந்தரமாகவே அணிதிரட்டப்பட்டு, ஆண்டு முழுவதும் களத்தில் நின்றன. தொண்டர் என்னும் பெயர் மாறவில்லை. ஆனால் வாரநாட்களில் வகுப்பறைக்கோ கந்தோருக்கோ கடைக்கோ சென்று வாரவிறுதியில் அணிநடை பயின்ற பழைய தொண்டன் அப்பிரிவுகளிற் காணற்கரியவனானான்.